இன்னும் இறங்காதவர் ஒருவர்

கிள்ளை,
சடையப்பன் படகுத்துறை ஷெட்டு,
மாலை ஐந்தரை.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய தாய்மாமா கலியமூர்த்தி அவர்களின் பாதம் தொட்டு, அக்கா மகன் அறிவழகன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம். நான் இங்கு நலம். படகுகள் பன்னிரண்டும் நலம். தாங்கள் அங்கு நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் தாங்கள் நலமாக இல்லை என்பதை இளமதி இன்று காலை போனில் மிகத் தெளிவாகச் சொல்லிவிட்டபடியால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். அவள் சொன்ன மற்ற வார்த்தைகளைக் கடிதத்தில் எழுத முடியாது. எழுதக்கூடியது இவ்வளவுதான்: "எங்கப்பா நடு ஆத்துல எழுந்து நின்னதுக்குக் காரணம் நீ எழுதுன அந்த தரித்திரம் புடிச்ச புரோகிராம். நீயே சரி பண்ணு. பண்ற வரைக்கும் எங்க வூட்டுப் பக்கம் தலையக் காட்டாத."

நேரில் வந்து சொல்லலாம் என்றால் தாங்கள் "சும்மா இருடா" என்கிறீர்கள். போனில் சொல்லலாம் என்றால் தங்கள் போன் அத்தை போன நாளிலிருந்து அரிசி டிரம்முக்குள் கிடக்கிறதாம். ஆகவே கடிதம். நாலாம் நம்பர் படகோட்டும் சைபுல்லா நாளைக் காலை மாமனார் வீட்டுக்குக் கடலூர் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். இளமதி தங்கள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பதாக வாக்களித்திருக்கிறாள். சாப்பிடாமல் தட்டைத் தள்ளினாலும் கடிதத்தைத் தள்ளாமல் படிக்கவும்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இளமதி தங்களை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கும் கேட்டைத் திறந்துவிட்டதும் தாங்கள் வழக்கம்போல சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ் மாறி, இங்கே வந்து உட்காரக் கூடாது. அத்தை படகில் இல்லை மாமா. பதினோரு நாளாக ஸ்பீக்கரில் கேட்டது அத்தை பெயர்தான். ஆனால் கூப்பிட்டது அத்தை இல்லை. நான் ஒரு வரியைத் தப்பான இடத்தில் எழுதிவிட்டேன். அவ்வளவுதான் விஷயம். கடிதத் தமிழ் எனக்கு இதுக்கு மேல தாங்காது, இனிமே பேசுற மாதிரியே எழுதுறேன், மன்னிச்சிடுங்க.

நான் மூணாவது வருஷத்துல காலேஜ விட்டது தெரியும். ஏன்னுதான் உங்களுக்குத் தெரியாது. புரோகிராம் எழுதச் சொன்னா போர்டுல எழுத வெச்சாங்க. கம்ப்யூட்டரத் தொடாமலே கம்ப்யூட்டர் படிக்கிறதுன்னா எனக்குக் கடுப்பு, எழுந்து வந்துட்டேன். அம்மா அழுதாங்க, அத்தை மட்டும் "போவட்டும், வா, சாப்பிடு"ன்னாங்க. அப்பறம் கிள்ளையில சடையப்பன் அண்ணன் சும்மா ஆள் எண்ணுற வேலைக்குத்தான் என்னைச் சேத்தாரு. படகுல ஏத்துனது எத்தன பேரு, எறக்குனது எத்தன பேருன்னு நோட்டுல குறிக்கணும். ரெண்டு நாள் குறிச்சேன், மூணாவது நாள் நோட்டத் தூக்கிப் போட்டுட்டு புரோகிராம் எழுதிட்டேன். பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களே, அந்தப் பழைய லேப்டாப்பு, பேட்டரி செத்து ரெண்டு வருஷமாச்சு, பிளக்குல இருந்தாதான் அதுக்கு உசுரு, அத ஷெட்டுல வெச்சேன். படகுக்கு ஒரு பழைய போனு, ஒரு ஸ்பீக்கரு. ஆள் ஏறும்போது பேரத் தட்டணும், எறங்கும்போது தட்டணும். படகு கரைக்கு வந்ததும் ஒரு பொம்பளைக் குரல்ல அதுவே சொல்லும்: "அனைவரும் இறங்கிவிட்டனர். நன்றி." யாராவது மிச்சம் இருந்தா, "இன்னும் இறங்காதவர் ஒருவர்"னு சொல்லி பேரையும் சொல்லும். சடையப்பன் அண்ணன் கேட்டுட்டு, "டேய், இது என் பொண்டாட்டிய விட கரெக்டா இருக்குடா"ன்னாரு. ஒரு மாசம் நான்தான் இங்க ராஜா.

அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு, நீங்களே பாத்தீங்க. அஸ்தி கரைக்க யாரு வந்தாலும் கலசத்துக்கும் ஒரு சின்ன ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டு மாட்டித்தான் ஏத்துவாரு, நோட்டுல அவுங்க பேரையும் எழுதுவாரு. ஏண்ணேன்னு கேட்டதுக்கு, "என் படகுல ஜாக்கெட்டும் பேரும் இல்லாம ஒருத்தரும் போவக் கூடாது. உசுரு இருக்கா இல்லியான்னு நான் பாக்குறதில்ல. ஏறுனா ஆளு"ன்னாரு. புரோகிராம்லயும் அது வேணும்னு அடம் புடிச்சாரு. எனக்கு அன்னைக்கு சிதம்பரத்துல கிரிக்கெட்டு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சிட்டு, கலசத்துக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிட்டு ஓடிட்டேன். அந்த வரிதான் மாமா. அதுக்கப்பறம் அந்தத் துறையில அஸ்தி கரைக்க வந்த மொத ஆளு நீங்க. அத நான் எதிர்பாக்கல.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், நான்தான் என் கையால "தங்கம்மாள்"னு தட்டுனேன். நாலாம் நம்பர் படகு. போயி கரைச்சுட்டு வந்தீங்க. எல்லாரும் எறங்குனீங்க. சைபுல்லா காலி கலசத்துலேர்ந்து அந்தக் குட்டி ஜாக்கெட்டக் கழட்டி ஆணியில மாட்டுறாரு. அப்பத்தான் ஸ்பீக்கரு சொல்லுச்சு: "இன்னும் இறங்காதவர் ஒருவர். தங்கம்மாள்." அழுதுகிட்டிருந்த பொம்பளைங்க அத்தன பேரும் டக்குனு நிறுத்துனாங்க. நீங்க கரையேறி நாலு எட்டு நடந்துட்டீங்க, அப்படியே திரும்பி நின்னீங்க. அது பயத்துல திரும்புற திரும்பல் இல்ல. பேரு சொல்லி யாரோ கூப்பிட்டா திரும்புவோமே, அந்த மாதிரி.

மறுநாள் காலைல நீங்க வந்துட்டீங்க. அதுக்கு மறுநாளும். நான் கேட்டதுக்கு நீங்க சொன்னது எனக்கு மனப்பாடம். "குடிகாட்டுல முப்பத்தோரு வருஷம் கெமிக்கல் பிளாண்ட்டுல இருந்தவன்டா நான். உள்ள போறவன் கேட்டுல டோக்கன மாட்டிட்டுப் போவான், வெளிய வந்தா எடுத்துடுவான். ஷிப்டு முடிஞ்சும் ஒரு டோக்கன் தொங்குனா, ஆளு உள்ள இருக்கான்னு அர்த்தம். அவன் வர்ற வரைக்கும் எவனும் வூட்டுக்குப் போவ முடியாது. உங்கத்த டோக்கன் தொங்குதுடா. நான் எப்படிப் போவேன்?" மாமா, அதுக்குப் பதில் எனக்கு இப்பத் தெரியும், பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்தப் பதினோரு நாள்ல நான் பட்டதக் கேளுங்க.

நாலாம் நம்பர் மட்டும் சொல்லியிருந்தா சமாளிச்சிருப்பேன். மறுநாள்லேர்ந்து பன்னிரண்டு படகும் சொல்லுது! மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து புதுசா கல்யாணமான ஜோடி ஒண்ணு வந்துச்சு, ரெண்டே பேரு, ஏழாம் நம்பர் படகு. திரும்பி வந்து ரெண்டு பேரும் எறங்கியாச்சு. "இன்னும் இறங்காதவர் ஒருவர். தங்கம்மாள்." அந்தப் பொண்ணு புருஷன ஒரு பார்வ பாத்துச்சு. "யாருங்க தங்கம்மாள்?" "எனக்கு எப்படிம்மா தெரியும்?" "நம்ம கூட வந்துருக்கா, எறங்கல, உங்களுக்குத் தெரியாதா?" அவன் பாவம், படகுக்குள்ள குனிஞ்சு சீட்டுக்கு அடியில தேடுறான். அவ அதுக்கும் சண்டைக்கு வரா, "யாருன்னே தெரியாதுன்னீங்க, இப்ப எதுக்குத் தேடுறீங்க?" பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

அதுக்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க நாப்பது பேரு, நாலு படகு. நாலும் ஒரே நேரத்துல கரை தட்டுச்சு, நாலும் ஒண்ணா அத்தை பேரச் சொல்லுச்சு. பி.டி. வாத்தியாருக்கு மூஞ்சி வெளுத்துடுச்சு. விசில ஊதுறாரு, நாப்பதையும் எண்ணுறாரு, சரியா இருக்கு, மறுபடி எண்ணுறாரு. அப்பறம் சுரபுன்னைக் காட்டப் பாத்து வாய்க்கு ரெண்டு பக்கமும் கையக் குவிச்சு, "தங்கம்மாள்! எங்கம்மா இருக்க?"ன்னு கத்துனாரு. மாமா, "உள்ளேன் ஐயா"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு. சின்னக் குரல்தான். எந்தப் பொண்ணுன்னு மெரட்டிக் கேட்டும் ஒண்ணும் ஒத்துக்கல, எல்லாப் புள்ளையும் காட்டுப் பக்கமே பாத்துகிட்டு நிக்குது. சேட்டை புடிச்சதுங்க, வேற என்ன. எனக்குத்தான் முதுகுல முடி நின்னுச்சு, அது குளுரு.

அப்பறம் படகோட்டுறவங்க ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் எலுமிச்சம்பழம் கட்டுனாரு, ஒருத்தர் சூடம் காட்டுனாரு, ஒருத்தர் ஸ்பீக்கருக்கே திருநீறு பூசி அது கரகரன்னு ஆயிடுச்சு, இப்ப அத்தை பேரச் சொன்னா தொண்ட கட்டுன மாதிரி கேக்குது, அது இன்னும் மோசம். சைபுல்லா மட்டும்தான் சிரிச்சாரு. "தம்பி, எல்லாரும் இப்படி எலுமிச்சம்பழமாக் கட்டுனா பாரம் ஜாஸ்தியாகி படகுதான் எறங்கும், உங்கத்த எறங்க மாட்டாங்க"ன்னாரு. அவரே மூணு நாள் கழிச்சு படகெடுக்குறதுக்கு முன்னாடி வாய்க்குள்ள என்னவோ ஓதுறாரு. என்ன பாய்னு கேட்டா, "ஒண்ணுமில்ல தம்பி, நாலாம் நம்பர் கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சாப்புல போவுது, தண்ணி இழுப்பு"ன்னாரு. நீங்க தெனமும் அதே படகுல ஏறி, பலகையில ஒரு ஓரமா ஒதுங்கி, பக்கத்துல எடம் விட்டு உக்காருவீங்கல்ல. அதனாலதான் சாஞ்சிருக்கும். ஆனா நீங்க உக்காந்த பக்கம் சாயலன்னு அவரு சொல்றாரு. அவரு எப்பவுமே கொஞ்சம் ஏத்திச் சொல்வாரு.

நேத்துதான் உசுரே போச்சு. நடு ஆத்துல நீங்க எழுந்து நின்னு, "அவ எறங்கலடா, நான் போயி கூட்டிகிட்டு வரேன்"னு ஒரு காலத் தண்ணியில வெச்சிட்டீங்களாம். சைபுல்லா துடுப்பப் போட்டுட்டு உங்க ஜாக்கெட்டத் தோள்ல புடிச்சு இழுத்துருக்காரு. வந்ததும் எங்கிட்ட மூச்சு வாங்கிகிட்டே சொன்னாரு, "நல்லவேள தம்பி, கிளிப்பு போட்டு அனுப்புன. தொறந்து கெடந்துருந்தா ஜாக்கெட்டு என் கையில இருந்துருக்கும், மாமா தண்ணியில இருந்துருப்பாரு." நான் போடல மாமா. நீங்கதான் ஒரு நாளும் போட விட மாட்டீங்களே. ஹெல்மெட்டுக்கே அத்தை வாசல்ல வந்து தாடையப் புடிச்சு டக்குனு கிளிப்பப் போட்டு, தலையில ரெண்டு தட்டு தட்டுனாதான் உண்டு. எனக்கும் அதேதான், இளமதிக்கும் அதேதான். நேத்து சடையப்பன் அண்ணன் போட்டிருப்பாரு. அவருக்கு அதுல ஒரு வெறி. ஜாக்கெட்டக் கழட்டுறவன் எவனும் கிளிப்பப் போட்டு மாட்டுறதில்ல, எல்லாம் வாயப் பொளந்துகிட்டு தொங்குதுன்னு தெனமும் கத்துவாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். உங்க பிளாண்ட்டு பாஷையிலயே சொல்றேன், கேளுங்க. என் புரோகிராம்ல "படகு"ன்னு ஒரு கிளாஸ் இருக்கு. கிளாஸ்னா படகு இல்ல, படகு எப்படி இருக்கணும்னு எழுதி வெச்ச ஒரே ஒரு காயிதம். அதப் பாத்து லேப்டாப்பு பன்னிரண்டு படகு செய்யும். ஒவ்வொரு படகும் பொறக்கும்போது அதுக்குன்னு ஒரு பை குடுக்கணும். அந்தந்தப் படகோட ஆளுங்க பேரு அந்தந்தப் பையில. ஒரு செக்ஷனுக்கு ஒரு டோக்கன் போர்டுன்னு வெச்சுக்குங்க. சாதா ஆளுங்க பேருக்கு அப்படித்தான் எழுதியிருந்தேன், அதனால அது ஒழுங்கா ஓடுச்சு. கலசத்துக்கு எழுதுன அந்த ஒரு வரிய, படகு பொறக்குற எடத்துக்கு உள்ள எழுதாம, வெளிய, காயிதத்து மேலயே எழுதிட்டேன். அது பன்னிரண்டு பை ஆகல. மெயின் கேட்டுல மாட்டுன ஒரே போர்டு ஆயிடுச்சு. நாலாம் நம்பர் படகு "தங்கம்மாள்"னு எழுதணும்னா மொதல்ல தன் பையில தேடும், அங்க அப்படி எடமே இல்லியா, மேல காயிதத்தப் பாக்கும், அங்க இருக்கா, அதுலயே எழுதிட்டு வந்துடும். அப்பறம் ஏழாம் நம்பரு தன் பையப் பாக்கும், இருக்காது, காயிதத்தப் பாக்கும், அத்தை பேரு இருக்கும். அஞ்சும் அப்படித்தான், பன்னிரண்டும் அப்படித்தான். ஒரு அத்தை, பன்னிரண்டு படகு. கலசம் எறங்குனதா தட்டுறதுக்கு நான் பட்டனே வெக்கல. அஸ்தியா கரைஞ்சவங்க எறங்கி வருவாங்கன்னு எனக்குத் தோணல.

அப்ப அந்தப் பேரு பதினோரு நாளா ஏன் போகலன்னு கேப்பீங்க. இதெல்லாம் லேப்டாப்பு நெனப்புல இருக்குறதுதான் மாமா, எங்கயும் எழுதி வெக்கிறதில்ல. ஓடுற வரைக்கும் இருக்கும், நிறுத்துனா பன்னிரண்டு பையும் காயிதமும் சுத்தமாத் தொடச்சிடும், மறுபடி போட்டா புதுப் படகுங்கதான். நான் அந்த லேப்டாப்ப ஒரு நாளும் நிறுத்துனதில்ல, சோம்பேறித்தனம், அதனால பதினோரு நாளும் அப்படியே நின்னுடுச்சு. இன்னைக்குக் காலைல இளமதி திட்டுனதுக்கப்பறம் உக்காந்து பாத்தேன், அஞ்சு நிமிஷத்துல புடிச்சிட்டேன். வரிய உள்ள தள்ளுனேன். நிறுத்திப் போட்டேன். பன்னிரண்டு படகும் காலி. சாயங்காலம் எல்லாப் படகும் வந்து, "அனைவரும் இறங்கிவிட்டனர், நன்றி"ன்னு சொன்னத இப்பத்தான் நின்னு கேட்டேன்.

சந்தோஷப்படணும், மாமா. ஆனா நாலாம் நம்பர் அப்படிச் சொன்னப்ப அத்தைய ரெண்டாந்தரம் அனுப்பி வெச்ச மாதிரி இருந்துச்சு. "போவட்டும், வா, சாப்பிடு"ன்னு சொன்ன வாயி. இருந்தாலும் டோக்கன நான் எடுத்துட்டேன். மாட்டுனவனும் நான்தான், எடுத்தவனும் நான்தான். உள்ள யாரும் இல்ல. ஷிப்டு முடிஞ்சுது. நீங்க வூட்டுக்குப் போவலாம். இளமதி வெக்கிற தட்டுல கைய வைங்க. அந்தப் பொண்ணு அம்மாவுக்கும் அழுவ முடியாம உங்களுக்கும் காவல் இருக்க முடியாம கெடக்குது.

என்னைச் சபிக்காமல் ஆசீர்வதிக்கும்படியும், இளமதியிடம் என் பிழை திருத்தப்பட்ட செய்தியைச் சற்று உரக்கவே சொல்லும்படியும், கேட்டின் சாவியை அவளிடமே இருக்க விடும்படியும் கேட்டுக்கொண்டு, தங்கள் பாதத்தில் விழுந்து எழும்,

மருமகன்,
அறிவழகன்.

பி.கு.: காலைல ஆறே கால். சைபுல்லா பஸ்ஸுக்குக் கெளம்பி நிக்கிறாரு, அவசரமா எழுதுறேன். நான் எப்பவும் ஒம்பது மணிக்குத்தான் வருவேன், இன்னைக்குத் தூக்கம் வரல, சீக்கிரம் வந்துட்டேன். வந்து பாத்தா சடையப்பன் அண்ணன் லேப்டாப்பு பிளக்கச் சொருகிகிட்டிருக்காரு. என்னண்ணேன்னேன். "தெனமும் நான்தாண்டா சொருகுறேன். சாயங்காலம் நீ போனதும் புடுங்கி வெச்சிடுவேன், இடி மின்னல்னா ஷெட்டே போயிடும். காலைல சொருகி பட்டன அமுக்குனா அது பாட்டுக்கு ஓடும்"ன்னாரு. எத்தன நாளாண்ணேன்னேன். "நீ இத வெச்ச நாள்லேர்ந்து"ன்னாரு.

பேட்டரி செத்தது மாமா. பிளக்கப் புடுங்குனா நெனப்பு போச்சு. அப்படின்னா அத்தை பேரு மொத நாள் சாயங்காலமே போயிருக்கணும். மேல நான் எழுதுனது அந்த ஒரு நாளுக்குத்தான் சரி. மிச்சப் பத்து நாளும், தெனமும் காலைல, புதுப் படகு புதுக் காயிதத்துல, அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல. நான் தட்டல. வேற யாருக்கும் அந்த எடத்துல தட்டத் தெரியாது.

அண்ணனக் கேட்டேன், முந்தாநாளு மாமாவுக்கு நீங்கதான கிளிப்பு போட்டீங்கன்னு. "நான் எங்கடா போட்டேன்? அவரு தொட விட்டாத்தான"ன்னாரு.

இப்ப லேப்டாப்பத் தொறந்து பாத்தேன். நான் திருத்துனது சரியாத்தான் இருக்கு. பன்னிரண்டு பையும் தனித்தனி. பதினொண்ணு காலி. நாலாம் நம்பர் பையில மட்டும் ஒரு பேரு இருக்கு. இனிமே எல்லாப் படகுலயும் இல்ல மாமா, அவுங்க ஏறுன படகுல மட்டும்தான்.

படகுல எறங்கிப் பாத்தேன். கயிறு கட்டி நிக்குது, ராத்திரி யாரும் ஏறல, பலகை காஞ்சு கெடக்கு. ஜாக்கெட்டெல்லாம் ஆணியில தொங்குது. அந்தக் குட்டி ஆரஞ்சும் சேத்து எல்லாத்துலயும் கிளிப்பு போட்டிருக்கு.

டோக்கன் தொங்குது மாமா. நேத்து எழுதுன எதையும் கணக்குல எடுத்துக்காதீங்க. நாளைக்கு மொத பஸ்ஸுலயே வாங்க, இளமதியையும் கூட்டிகிட்டு வாங்க. நானும் ஏறுறேன், உங்கள நடுவுல உக்கார வெச்சுக்குறோம், நீங்க எழுந்து தேடிப் போவ வேணாம். ஆளுக்கொரு ஜாக்கெட்டு எடுத்து வெச்சிருக்கேன். கிளிப்ப மட்டும் நீங்க யாரும் போடாதீங்க.